பிரேக் மாஸ்டரும் ஊதா ஆந்தையும்

“காலை எடுங்க! காலை எடுங்கன்னு சொல்றேன்ல!”

“எந்தக் காலை சார் எடுக்கிறது? எனக்கு இருக்கிறதே ரெண்டு!”

“கிளட்ச்சுல இருக்கிற காலை! ஐயோ, லாரி! லாரி! லாரி!”

“லாரி ஓரமா நின்னுக்கிட்டிருக்கு சார்! டிரைவர் உள்ளே படுத்துத் தூங்கறாரு!”

ரவுண்டானாவின் நட்டநடுவில் பயிற்சிக் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஒரே ஸ்வரத்தில் ஹாரன் அடித்தன. ஓட்டுநர் இருக்கையில் இருந்த நர்ஸ் சாவியை உருவினாள். பக்கத்து இருக்கையில் இருந்த மாஸ்டரின் சட்டைப் பையில் அதைப் போட்டாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

“சிஸ்டர், எங்க போறீங்க? நடுரோடு!”

“நான் ஊசி போடுறேனே, ஒருத்தர் காதுலயாவது ‘நரம்பு, நரம்பு, நரம்பு’ன்னு கத்தியிருக்கேனா? கத்தினா அவங்க கையை நீட்டுவாங்களா?”

சொல்லிவிட்டு, ரவுண்டானாவைச் சுற்றிக்கூடப் போகாமல், நடுவிலிருந்த புல்லை மிதித்துக்கொண்டு நேராக நடந்துபோய்விட்டாள். மாஸ்டர் கியர் கம்பியைத் தாண்டி ஓட்டுநர் இருக்கைக்கு மாறினார். தாண்டும்போது பேன்ட் கிழிந்தது. எவ்வளவு தூரம் கிழிந்தது என்பதில் பார்த்தவர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

அவருக்கு ‘பிரேக் மாஸ்டர்’ என்று பேர் வைத்தது யார் என்று தெரியாது, பொருத்தமாக வைத்துவிட்டார்கள். பயிற்சிக் காரில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதன் மேல்தான் அவர் குடியிருந்தார். எதிரே கன்றுக்குட்டி வந்தாலும் மிதிப்பார், காற்றில் காகிதம் பறந்தாலும் மிதிப்பார். அதோடு எதையும் மூன்று தடவை கத்துவார். அவரிடம் படித்தவர்கள் வண்டி ஓட்டக் கற்றார்களோ இல்லையோ, திடுக்கிடக் கற்றுக்கொண்டார்கள்.

அவர் ஓட்டுநர் பள்ளி அலுவலகத்துக்கு வந்து சேர்வதற்குள் நர்ஸ் வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பள்ளியின் முதலாளி வேறு யாருமில்லை, அவருடைய சொந்த அக்கா. மேஜைக்குப் பின்னால் கை கட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா கை கட்டினால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

“ரெண்டு டெஸ்ட்ல கோட்டை விட்டுட்டா அந்தப் பொண்ணு. உன் புண்ணியத்துல.”

“அவங்களுக்குக் கவனம் பத்தாது அக்கா.”

“கவனம் பத்தாதவளைத்தான் ஆபரேஷன் தியேட்டர்ல தலைமை நர்ஸா போட்டிருக்காங்களா? டேய், ஆஸ்பத்திரியில பாதிப் பேரு அவ வார்த்தையைத்தான் கேப்பாங்க. ஊர் ஊரா போற நடமாடும் ஆஸ்பத்திரி வண்டிய அவகிட்ட கொடுக்கத் தயாரா இருக்காங்க. லைசென்ஸ்தான் பாக்கி. கால்ல விழாத குறையா கெஞ்சி இன்னொரு டெஸ்டுக்குச் சம்மதிக்க வச்சிருக்கேன். அதுலயும் அவ தேறலைன்னா நீ வண்டியை விட்டு இறங்கிடு. இங்க உட்கார்ந்து அப்ளிகேஷன்ல போட்டோ ஒட்டு.”

மாஸ்டர் மேஜை மேலிருந்த கோந்து டப்பாவைப் பார்த்தார். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் அக்கா வீட்டு மாடியறையிலேயே வயசைக் கழித்தவர். வீட்டில் என்ன சமைப்பது என்பதை அக்கா முடிவு செய்வாள், டிவியில் என்ன பார்ப்பது என்பதை அக்கா மகள் முடிவு செய்வாள். அவர் காலை வைத்தால் உலகம் நிற்கும் இடம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான், அந்தப் பக்கத்து இருக்கை. அதுவும் போய்விட்டால் கோந்து டப்பாவும் தானும்தான்.

இந்த நேரத்தில்தான் அக்கா மகள் நுழைந்தாள். அவளுக்கு ஸ்டேஷனரிக் கடையில் வேலை. அவள் முதலாளி யாரோ சொன்னதைக் கேட்டு, பெரியவர்கள் வண்ணம் தீட்டும் புத்தகங்களை மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டிருந்தார். சீண்டக்கூட ஆளில்லை. அதில் ஒன்றையும் ஒரு டப்பா கலர் பென்சிலையும் மாமன் முன்னால் வைத்தாள்.

“மாமா, இதுக்குக் கலர் அடிச்சா மனசு அடங்குமாம். பின்னட்டையில போட்டிருக்கு.”

“பின்னட்டையில என்ன வேணா போடுவான். நான் வாங்கின எண்ணெய் பாட்டில்லகூட முடி வளரும்னுதான் போட்டிருந்தது.” வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

“அடிச்சுத்தான் பாருங்களேன். போட்டோ ஒட்டறதைவிட இது கௌரவம்.”

அந்த வார்த்தை சுட்டது. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பக்கத்தில் ஒரு காடு. இலைக்குள் இலை, கொடிக்குள் கொடி. மாஸ்டருக்குத் தெரிந்த நிறம் மூன்று: சிவப்பு, மஞ்சள், பச்சை. அந்த வரிசையிலேயே காடு முழுக்க அடித்தார். முயல் சிவப்பு, மரம் மஞ்சள், வானம் பச்சை. சிக்னல் கம்பத்தைக் காடு விழுங்கிய மாதிரி இருந்தது. சிவப்புப் பென்சில் முனை மட்டும் ஒடிந்துகொண்டே இருந்தது.

“மெதுவா மாமா. அது பென்சில், பிரேக் இல்ல” என்றாள் அக்கா மகள்.

சில நாளில் கைக்கு நிதானம் வந்தது. ஒரு சின்ன இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தொடாமல் கோட்டருகே போவது, ஏறக்குறைய பின்னோக்கி வண்டி நிறுத்துவது மாதிரிதான். மூச்சை அடக்க வேண்டும். அடக்கினால் கத்த முடியாது. சாம்பாரில் உப்பில்லாத அன்று அவர் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். உடம்புக்கு ஏதாவதா என்று அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

புத்தகத்தை வெளியே எடுத்துப்போக வெட்கப்பட்டு அதற்குச் செய்தித்தாள் அட்டை போட்டார். அதுதான் வினை. எதிர்வீட்டுத் தையல்காரர் அளவெடுக்கிற சாக்கில் அட்டையை விலக்கிப் பார்த்தார். ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்ற எழுத்துதான் கண்ணில் பட்டது. சாயங்காலத்துக்குள் தெருவே உதட்டைப் பிதுக்கியது. “ஒண்டிக்கட்டை, பாவம், என்னதான் பண்ணுவாரு” என்று பெருந்தன்மையாக மன்னித்தவர்களும் உண்டு.

நர்ஸ் மறுபடி வகுப்புக்கு வந்தபோது ஒரே நிபந்தனைதான் போட்டாள்.

“வாயைத் திறந்தீங்கன்னா இறங்கிடுவேன் மாஸ்டர்.”

மாஸ்டர் தலையாட்டினார். மடியில் புத்தகத்தை விரித்தார். வண்டி கிளம்பியது. முதல் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். மாஸ்டரின் வாய் திறந்தது, பென்சிலை அழுத்தினார், ஒரு பூ கறுத்துப்போயிற்று, வாய் மூடியது. சந்தைத் தெருவில் வலது கால் தானாகத் துடித்தது. அதன் மேல் இடது காலைப் போட்டு அமுக்கிக்கொண்டு பூவின் காம்புக்குப் போனார். காம்பிலிருந்து வேருக்கு. வேரிலிருந்து மண்புழுவுக்கு.

நிமிர்ந்து பார்த்தபோது பள்ளி வாசல் வந்திருந்தது. சந்தை, பேருந்து நிலையம், பாலம் எல்லாம் எப்போது போனதென்றே அவருக்குத் தெரியவில்லை.

“நான் ஒண்ணுமே சொல்லலையே. எப்படி ஓட்டினீங்க சிஸ்டர்?”

“நீங்க ஒண்ணும் சொல்லாததாலதான் ஓட்டினேன்.”

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது. அன்று முழுக்க, தன்னிடம் படித்துத் தேறாமல் போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. எல்லா முகமும் திடுக்கிட்டபடியே இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா மகளிடம் போய், “பாப்பா, இந்த மூணு கலர் போதும். வேற ஏதாவது கொடு” என்றார். அவள் டப்பாவிலிருந்து ஊதாவை எடுத்துக் கொடுத்தாள்.

டெஸ்ட் நாள் வந்தது. வந்த இன்ஸ்பெக்டர் யார் தெரியுமா? ‘சிடுமூஞ்சி’. வயசு அதிகமில்லை, பெண்ணும் அமையவில்லை, ஆனால் முகத்தில் மட்டும் பேரன் பேத்தி எடுத்த சலிப்பு. அவருடைய சட்டம் எல்லோருக்கும் மனப்பாடம்: ஆசிரியர் முன்னால் உட்காரலாம், ஆனால் பிரேக்கில் கால் வைத்தாலும், ஓட்டுகிறவரிடம் வாயைத் திறந்து எதையாவது சொன்னாலும் ஆட்டம் குளோஸ்.

மாஸ்டர் காலைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் வைத்தார். ஆந்தைப் பக்கத்தைத் திறந்தார். சிறகு சிறகாக, அடுக்கடுக்காக, பெரிய ஆந்தை. ஊதாவைத் தொட்டார். வண்டி நகர்ந்தது.

“நேரா போங்க. லெஃப்ட்ல திரும்புங்க. நேரா...” என்று வந்த இன்ஸ்பெக்டர் குரல் பாலத்துக்கு முன்னால் நின்றது. பின் இருக்கையிலிருந்து கழுத்தை நீட்டினார்.

“என்னது அது?”

“ஆந்தை சார்.”

“ஊதாவா?”

“ஊதாதான் சார்.”

“ஆந்தை மண்ணு கலர்ல இருக்கும்.”

“ரோட்டுல பார்க்கிற ஆந்தை அப்படி இருக்கும் சார். இது என் ஆந்தை.”

“ஒரு ஒழுங்கு முறை வேணாமா? எல்லாரும் இஷ்டத்துக்கு அடிச்சா என்ன ஆகறது? அந்த வாலையாவது பழுப்பா அடிங்க.”

“வாலு மட்டும் பழுப்பா இருந்தா சேத்துல உட்கார்ந்து எழுந்த மாதிரி இருக்கும் சார்.”

“கொடுங்க இப்படி, நான் காட்டறேன்.” இன்ஸ்பெக்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு இருக்கைக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, டப்பாவிலிருந்து பழுப்புப் பென்சிலைப் பிடுங்கினார். வாலில் இறங்கினார். நாக்கு நுனி வெளியே வந்தது. வாலை முடித்தவர் அங்கே நிற்கவேண்டியதுதானே? சிறகில் ஏறினார், காதுப் பக்கம் கை போனது.

“போச்சு! போச்சு! போச்சு!”

ரவுண்டானாவில் கேட்ட அதே குரல். அடித்தொண்டையிலிருந்து, மூன்று தடவை. கத்திய பிறகுதான் மாஸ்டருக்கு உறைத்தது, தான் என்ன செய்துவிட்டோம் என்று. மேஜையும் கோந்து டப்பாவும் கண் முன்னால் வந்து நின்றன. அவள் இப்போது கிளட்ச்சை விடுவாள், வண்டி குலுங்கும், நிற்கும்.

நர்ஸின் தோள் ஒரு தடவை தூக்கிப்போட்டது. கால் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. கண்ணாடியைப் பார்த்தாள், முன்னால் பார்த்தாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

“யாருக்கு என்ன போச்சு?” என்றாள், திரும்பாமல்.

“ஆந்தைக்கு... காது சிஸ்டர்.”

“உயிருக்கு ஒண்ணுமில்லையே.” சிக்னல் விளக்கைப் போட்டாள், ஓரம் கட்டினாள், நிறுத்தினாள். அப்புறம்தான் திரும்பினாள். “சார், பெல்ட்டைப் போடுங்க. போடலைன்னா வண்டி நகராது.”

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தார். பாதி உடம்பு முன்னால், பாதி பின்னால், கையில் பழுப்புப் பென்சில். ஜன்னலுக்கு வெளியே கரும்பலகை மாதிரி நீண்ட சாலை. பக்கத்து ஊரின் பேர் எழுதிய பலகை.

“இவ்வளவு தூரம் ஏன் வந்தீங்க?”

“திரும்பச் சொல்லவே இல்லையே சார். நேரா போகச் சொன்னீங்க, நேரா வந்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் நல்லாச் சண்டை போட்டீங்க. நாலு பால் வண்டி, ஒரு ஆட்டு மந்தை, ஒரு கல்யாண ஊர்வலம் எல்லாத்தையும் தாண்டித்தான் வந்தேன்.”

இன்ஸ்பெக்டர் பின்னால் நகர்ந்து பெல்ட்டை மாட்டினார். அவள் வண்டியை அழகாகத் திருப்பினாள். கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கும்போது மாஸ்டர் தயங்கித் தயங்கி, “சார், நான் கத்திட்டேன். சட்டப்படி...” என்று தொடங்கினார்.

“கத்தினீங்கன்னு எழுதலாம்,” என்றார் இன்ஸ்பெக்டர். “எழுதினா, எதுக்குக் கத்தினீங்கன்னும் எழுதணும். அப்புறம் பென்சில் யார் கையில இருந்ததுன்னும் எழுதணும். வேணாம் விடுங்க.” பாஸ் என்று கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் நகர்ந்து போய்த் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார். “இந்தப் புத்தகம் எந்தக் கடையில கிடைக்கும்?”

கடை எது என்று மாஸ்டர் சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்தது. இன்ஸ்பெக்டர் முதலில் ஒரு புத்தகம் வாங்கினார், பிறகு பென்சில், பிறகு பென்சில் சீவ ஒரு கருவி, அதன் பிறகு வாங்க எதுவும் இல்லாதபோதும் வந்தார். மூட்டை காலியானதற்குக் கடை முதலாளி சந்தோஷப்பட்டார், கடையில் வேலை பார்த்த அக்கா மகள் போய்விட்டதற்குத் துக்கப்பட்டார். கல்யாணத்தில் மாப்பிள்ளை இன்ஸ்பெக்டர் சிரித்தார் என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள். மாற்றல் வந்து, அக்கா மகளும் அவரும் துறைமுக ஊருக்குக் குடிபோய்விட்டார்கள்.

மாஸ்டர் இருக்கையில் நிலைத்தார். இப்போதெல்லாம் புதிதாகச் சேருகிறவர்கள் அக்காவிடம் வேறு புகார் சொல்கிறார்கள்: “மேடம், சார் ஏதாவது பேசச் சொல்லுங்க. பக்கத்துல ஆள் இருக்காரான்னே பயமா இருக்கு.”

மாஸ்டருக்கும் நர்ஸுக்கும் கல்யாணம் முடிந்துவிடும் என்று தெரு ஒரு கணக்குப் போட்டிருந்தது. தையல்காரர் மாப்பிள்ளைக் கோட்டுக்கு மனசுக்குள் அளவுகூட எடுத்துவிட்டார். நடமாடும் ஆஸ்பத்திரிக்கு வசதியாக நர்ஸ் மலையடிவாரத்தில் வீடு பார்த்து, சாமான் ஏற்றிய வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போன அன்று, பக்கத்து இருக்கையில் மாஸ்டர் உட்கார்ந்து போனதை எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். சாமான் இறக்கிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் தனியாகத் திரும்பி வந்தார். அவள் பிறகு அங்கேயே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். எங்கள் தெருவில் அவள் இருந்த வீட்டுக்கு இப்போது ஒரு பல் டாக்டர் குடும்பம் வந்திருக்கிறது. மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களாம். தெரு மறுபடி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.