பல் டாக்டர் மாட்டிய பெல்ட்

பல் டாக்டருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரார் வாயையெல்லாம் பார்ப்பவருக்குத் தன் வாயைப் பார்க்க மட்டும் நேரமில்லை என்பாள் மனைவி. அந்த வாய்தான் ஒரு கல்யாண விருந்தில், கார் மெக்கானிக்கான மைத்துனனைப் பார்த்து, "பல்லு வேலையில இருக்கிற நுணுக்கத்துல பாதிகூட உன் வேலையில கிடையாது மச்சான்" என்றது.

மைத்துனன் கோபப்படவில்லை. "உங்க டீசல் வண்டிக்கு டைமிங் பெல்ட் மாத்தி எத்தனை வருஷமாச்சு மாமா?" என்று கேட்டான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லி ஊருக்கெல்லாம் உபதேசிக்கிறவர், பதினான்கு வயதான தன் வண்டியின் பெல்ட்டை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"ஓடும்போது அறுந்துச்சுன்னா பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், இன்ஜின் காலி. நாளைக்கே கடைக்குக் கொண்டாங்க."

"நானே மாத்திக்கிறேன்" என்றது அதே வாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. ரப்பர் கையுறை, நெற்றியில் விளக்கு, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி என்று சகல அலங்காரத்துடன் அவர் காருக்கு முன்னால் உட்கார்ந்ததைப் பார்த்து மனைவி, "மரத்துப்போக ஊசி போட்டாச்சா?" என்றாள்.

சக்கரத்தைக் கழற்றி, மூடியைத் திறந்தார். இன்ஜின் இம்மியும் அசையாமலிருக்க மேலே ஒரு பூட்டு ஊசி, கீழே ஒரு பூட்டு ஊசி குத்தினார். கழற்றிய பழைய பெல்ட்டை வளைத்தால் பல்லுக்குப் பல் வெடிப்பு. இந்த நிலைமையில் ஒரு நோயாளி வந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பார். வாட்டர் பம்பைக் கழற்றியபோது ரேடியேட்டர் தண்ணீர் சட்டைக் கைக்குள் புகுந்து இடுப்பு வரை வந்தது. புதுப் பம்பு, பெல்ட் உருண்டோடும் புது உருளை, பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்கும் புது டென்ஷனர் எல்லாம் மாட்டி, புதுப் பெல்ட்டையும் ஏற்றி, மேல் ஊசியைப் பிடுங்கியபோது மணி நாலு.

இனி ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினார். அசையவில்லை. அழுத்தினார். 'ணங்'கென்று நின்றது.

நீளமான பைப்பைச் செருகி நெம்பலாமா என்று எடுத்தேவிட்டார். ஆனால் இருபது வருஷமாக வேர் பிடுங்கிய கை ஒப்பவில்லை. வராததை இழுத்தால் தாடைதான் உடையும். பைப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய், "இன்ஜின் போச்சு" என்றார்.

மனைவி அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். பத்தே நிமிஷத்தில் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். ஒரு பெரியப்பா, "எத்தனை மணிக்கு ஆச்சு?" என்றே கேட்டுவிட்டார்.

மைத்துனன் கட்டியிழுக்கக் கயிறோடு வந்தான். குனிந்து பார்த்தான். அடியில் கைவிட்டு விரல் நீள ஊசி ஒன்றை உருவினான்.

"இது என்ன மாமா?"

டாக்டர் நெற்றி விளக்கை அணைத்தார். "கீழ் ஊசி."

"வாயில பஞ்சை வச்சே வீட்டுக்கு அனுப்பிடுவீங்க போல" என்றாள் மனைவி.

மைத்துனன் இரண்டு சுற்றுச் சுற்றினான். பெல்ட் சக்கரங்களில் போட்டிருந்த குறிகள் பிசகாமல் அதனதன் இடத்தில் வந்து நின்றன. "ஒண்ணு சொல்லணும் மாமா. நெம்பாம நிறுத்தினீங்க பாருங்க, அது பெரிய விஷயம். என்கிட்ட வர்றவங்கல்லாம் நெம்பிட்டுத்தான் வருவாங்க."

கல்லூரியில் பட்டம் வாங்கியபோதுகூட டாக்டருக்கு மனசு இப்படிக் குளிர்ந்ததில்லை. தலைகால் புரியாமல் சாவியைத் திருகப் போனார்.

"இருங்க, இருங்க! ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தினீங்களா?"

ஊற்றவில்லை.

ஊற்றிய பிறகு இன்ஜின் முதல் திருகிலேயே ஸ்டார்ட் ஆனது. செத்த இன்ஜின் எப்படிப் பிழைத்தது என்று சொந்தக்காரர்கள் துளைத்ததற்கு டாக்டர் பிடிகொடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி அவர் சொன்னது சிகிச்சை நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர்களிடம் மட்டும்தான். அவர்களால் சிரிக்க முடியாது.