தார்ச்சாலை மட்டும் நகரம்

எலோடியாவின் வாசலிலிருந்து பன்னிரண்டு எட்டு வைத்தால் வின்டன்ஃபீல்டு நகராட்சியின் குடிநீர்க் குழாய். சாலைக்கு அடியில் ஓடுகிறது. ஆனால் அவள் வீட்டு ஆழ்துளைக் கிணறு வற்றிப்போனதிலிருந்து, வியாழன்தோறும் கவுண்டி என்னும் மாவட்ட நிர்வாகத்தின் தண்ணீர் லாரி வந்து டிரம்மை நிரப்பினால்தான் அடுப்பு எரியும்.

இதன் சூட்சுமம் எளிது. கிழக்கே இருந்த பழக் கிடங்கை வரிக்காகத் தன் எல்லைக்குள் இழுக்க நகரம் ஆசைப்பட்டது. நகரத்தின் நிலம் நடுவில் அறுபடாமல் தொடர வேண்டும் என்பது சட்டம். எனவே கிடங்குவரை சாலையை மட்டும் நாடாவைப் போல நீளமாகச் சேர்த்துக்கொண்டது. இரு கரையிலும் இருந்த நாற்பது வீடுகளைத் தொடவில்லை. அவை எந்த நகரத்திலும் சேராமல் வெறும் கவுண்டி நிலமாகவே நின்றன.

பத்தொன்பது ஆண்டுகளாக எலோடியாவுக்கு இது தெரியாது. கடிதங்களெல்லாம் ‘வின்டன்ஃபீல்டு’ என்ற முகவரிக்குத்தானே வந்தன? போன மாதம் இணைப்புக் கேட்டுப் போனபோதுதான் நகராட்சி எழுத்தர் வரைபடத்தைக் காட்டினாள். "நீங்க ஊருக்குள்ளயே இல்ல மேடம். அந்த முகவரி தபால்காரருக்கு மட்டுந்தான்."

இந்த வியாழன் லாரி போன கையோடு நகராட்சி ஆய்வாளர் கீத் வந்து நின்றார்.

"டிரம்ம எடுங்க மேடம். ரோட்டு ஓரம் எங்க எல்லை."

"லாரியோட குழாய் வாசல் வரைக்கும் எட்டாதுங்க."

"நான் என்ன பண்றது? விதி."

பக்கத்து வீட்டு ரூபென் வேலிமேல் சாய்ந்து சிரித்தான். "எலோடியாக்கா, உன் டிரம் ஊருக்குள்ள குடியேறிடுச்சு! உன்னத்தான் சேத்துக்கல."

எலோடியா சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சமையலறை நாற்காலியைத் தூக்கிவந்து டிரம்முக்குப் பக்கத்தில், தார்மேல் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நான் எங்க இருக்கேன்?"

"ரோட்டுல."

"ரோடு யாருது?"

கீத் குனிந்து டிரம்மைத் தள்ளப் பார்த்தார்.

"உங்களுதுதானே? அப்ப நான் ஊருக்குள்ளதான் இருக்கேன். டிரம்ம விரட்ட ஆள் வருது, தண்ணி திறந்துவிட வராதா? பழத்தக் கழுவ இந்தக் குழாய்லதான் ராப்பகலா ஊத்துறீங்க. நாங்க மனுசங்கய்யா!"

தூரத்தில் கிடங்குக்குப் போகும் லாரி ஹாரன் அடித்தது. எலோடியா எழுந்து, நாற்காலியை நடுச்சாலைக்கு இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தாள். லாரி பிரேக் போட்டு நின்றது. அதன் பின்னால் இன்னொன்று.

சிரிப்பை நிறுத்திவிட்டு ரூபென் தன் நாற்காலியோடு வேலியைத் தாண்டினான்.

கீத் போனை எடுத்தார்.