நாலு விரல் குறைந்த திரைச்சீலை

என் கணவர் வீட்டு வேலையில் உதவ முன்வந்தபோதே எனக்கு வயிற்றில் புளி கரைந்திருக்க வேண்டும். புதுக்கல்யாண மயக்கம், கரையவில்லை.

பல் டாக்டரம்மாவின் மருத்துவமனைக்கு நான்கு திரைச்சீலைகள். தையல் மெஷின் வாங்கியபின் வந்த முதல் ஆர்டர். பிடித்துவிட்டால் அவர் வீட்டு மெத்தை விரிப்பு, மேஜை விரிப்பு எல்லாம் எனக்குத்தான். வெள்ளையில் நீலக்கோடு போட்ட லினன்-காட்டன் துணி. வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைக்காவிட்டால் பின்னால் சுருங்கி மானத்தை வாங்கிவிடும்.

"நீ போய் நூல் வாங்கிட்டு வா. நான் நனைச்சு வெக்கிறேன்" என்றார் என்னவர்.

திரும்பி வந்தபோது துணி மடித்து, இஸ்திரி போட்டு, கல்யாண வீட்டு ஜமக்காளம் போல் இருந்தது. நான் பூரித்துப்போனேன்.

"எங்க அண்ணனா? அவன் கைக்குட்டையக்கூட நனைச்சதில்லையே அண்ணி" என்றாள் நாத்தனார்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கையும் தைத்து முடித்தேன். கொடுப்பதற்கு முதல் நாள் நாத்தனாரின் தேநீர் ஒன்றின்மேல் கவிழ்ந்தது. துவைத்துக் காயவைத்துப் பார்த்தால், மற்ற மூன்றைவிட நாலு விரல் குறைவு.

"ஏங்க, இத நனைச்சீங்களா?"

"நனைச்சேனே! செடிக்குத் தெளிக்கிற பாட்டில்ல."

"மொத்தத்தையுமா?"

"இதே துணியில என் சட்டைக்குக் கூடுதலா வாங்கி வெச்ச ரெண்டு மீட்டர மட்டும் நல்லா ஊற வெச்சேன். சட்டை சுருங்கிடக் கூடாதுல்ல?"

என்ன ஒரு முன்யோசனை!

"இந்த ஒண்ண மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்க அண்ணி. மத்தது துவைச்சாத்தானே தெரியும்?" என்றாள் நாத்தனார்.

தெரியும்போது நான் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது? மீதி மூன்றையும் தண்ணீரில் அமுக்கினேன். மூன்றும் ஒற்றுமையாக நாலு விரல் குறைந்தன.

ஒழுங்காக நனைந்த துணி வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன்.

"அது என் சட்டை!"

"இதுவரைக்கும்."

நான்கு பட்டைகள் வெட்டி, கோடு குறுக்கே ஓடும்படி திரைகளின் அடியில் இணைத்தேன். மறுநாள் மாட்டிப் பார்த்த டாக்டரம்மா, "கீழ கோட்டைத் திருப்பிப் போட்டது ரொம்ப அழகும்மா. யாரோட யோசனை?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்தான் காரணம்" என்றேன். பொய்யில்லையே! கூட வந்திருந்த என்னவரோ ஏதோ பட்டம் வாங்கியவர்போல் தலையாட்டினார். மெத்தை விரிப்புக்கும் அளவு எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

"அப்போ எனக்குச் சட்டை?" என்றார் வழியில், பாவமாக.

"மிச்சத்துல தலையணை உறை தைச்சிருக்கேன். உடம்புக்கு இல்லாட்டியும் தலைக்காவது ஆகட்டும்."

எனக்கும் சேர்த்து இரண்டு தைத்திருந்தேன் என்பதை, வீட்டுக்குப் போய்க் கட்டிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.