மேல்முகம்

புதுப் பாலத்தின் நடைபாதை ஒரே குளிர்காலத்தில் தோலுரிந்து நின்றது. பனியை உருக்க உப்பு கொட்டாத ஊர் ஸ்வீடனில் உண்டா? மற்ற பாலங்கள் அதே உப்பைத் தின்றுவிட்டு நன்றாகத்தானே நிற்கின்றன! பழி, கான்கிரீட்டைத் தேய்த்துச் சமப்படுத்திய தோர்க்கெல் தலையில் விழுந்தது. கை சுலபமாக ஓட மேலே தண்ணீர் தெளித்துத் தேய்த்திருக்கிறான், அதில்தான் மேற்பரப்பு செத்துப்போனது என்றது கலவை அனுப்பிய கம்பெனி. நிரூபணமானால் இனி எந்தப் பாலத்திலும் அவனை ஏற்றமாட்டார்கள்.

அவன் அக்கா குன்வோருக்கு கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

"சத்தியமா ஒரு சொட்டு தெளிக்கலக்கா. அவங்க அனுப்பின கலவையே மட்டம்," என்றான் தோர்க்கெல், காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே. கோப்பையிடம் எதற்குச் சத்தியம் செய்கிறான் என்று அவள் அப்போதே யோசித்திருக்க வேண்டும். பாசம் யோசிக்க விட்டதா?

பாலத்தில் வெட்டியெடுத்த துண்டுகள் அவள் கூடத்துக்கே வந்தன. தம்பி விவகாரம் என்று தெரிந்தால் விலக்கிவைத்திருப்பார்கள். கல்யாணத்தில் வந்த புருஷன் வீட்டுக் குடும்பப்பெயர் காப்பாற்றியது. வழக்கமாக அறுத்த உள்முகத்தின் மேல்தான் உப்புநீரை நிறுத்தி, உறையவைத்து, உருகவைப்பார்கள். அதோடு விட்டிருந்தால் விவகாரம் இழுபறியில் முடிந்திருக்கும். குன்வோர்தான், தேய்த்த மேல்முகத்தையும் சோதிக்கவேண்டும் என்று அடம்பிடித்தாள். இரண்டும் ஒரேமாதிரி உதிர்ந்தால் குற்றம் கலவையுடையது, தம்பி தப்பிவிடுவான் என்பது அவள் கணக்கு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான்.

வாராவாரம் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, உதிர்ந்ததை உலர்த்தி எடை போடவேண்டும். புதிதாக வந்தவர்கள் பட்டும் படாமலும் தேய்த்தால், "கல்லைத் தேய்க்கிறியா, பூனையைத் தடவுறியா?" என்று எரிந்து விழுகிறவள் குன்வோர். இந்தத் துண்டுகளை மட்டும் வேறு யாரையும் அவள் தொடவிடவில்லை.

உள்முகம் கடைசிவரை அசையவில்லை. அருமையான கலவை. மேல்முகமோ முதல் வாரமே செதில் செதிலாகக் கழன்றது. பிறகு ஜல்லியே பல்லைக் காட்டியது. தன்னிடமே பொய் சொன்னானே, பாவி!

முடிவு வெளியான அன்று தோர்க்கெல் வேலையை இழந்துவிட்டு நேராக அவள் வீட்டுக்கு வந்தான். இம்முறை பொய் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் முடிக்கச் சொல்லி மேஸ்திரி விரட்டினானாம். வாளித் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தானாம். எல்லோரும் செய்வதுதானாம்.

குன்வோர் காப்பி ஊற்றினாள். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீயாவது கொஞ்சம் மெதுவா தேய்ச்சிருக்கலாம்லக்கா. கூடப் பிறந்தவதானே நீ?"

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"பூனையைத் தடவுற மாதிரிதான்டா தேய்ச்சேன்," என்றாள். "அதுக்கே அவ்வளவு உதிர்ந்துச்சு."