மினிஸ்டருக்காகப் பொங்கிய பால்

உலகம் தோன்றிய நாளிலிருந்து ஒரு பானைப் பால் நாலு பக்கமும் ஒரே கணத்தில் பொங்கி வழிந்தது ஒரேயொரு தடவைதான். அது நடந்தது டூங்கபி என்கிற ஊரில், எங்கள் வீட்டு முன்னறையில், என்னுடைய மீன்தொட்டி மேசையின் மேல். எந்தப் பக்கம் அதிகம் வழிந்திருக்கிறது என்று பார்க்க வந்த எறும்புகள், சண்டை பிடிக்க ஒரு காரணமும் கிடைக்காமல் திரும்பிப் போயின.

நம்பமாட்டீர்கள். என் மச்சான் விக்னராஜாவும் நம்புகிற ஆள் இல்லை. அவருடைய தங்கை சத்தியபாமாவை நான் கட்டிய நாளிலிருந்து, 'இன்றைக்கு நல்ல வெயில்' என்று நான் சொன்னால்கூட யன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். கட்டட எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அவருக்கு ஒரு பொருள் அசையாமல் நிற்கவேண்டும். எனக்கு அசைந்தால்தான் சம்பளம்.

மினிஸ்டர் என்பது என் மீன். ஒஸ்கார் இனம். நாள் முழுக்கச் சாப்பிடுவார், ஆட்களைக் கண்டால் வாயைத் திறப்பார், வேறொரு வேலையும் செய்யமாட்டார். வளர்ந்து வளர்ந்து, பழைய தொட்டியில் திரும்புவதற்கு ரிவேர்ஸ் எடுக்கவேண்டிய நிலைக்கு வந்துவிட்டார். ஆகவே பெரிய தொட்டி வாங்கினேன். தண்ணீர் நிரப்பினால் ஒரு யானைக்குட்டியின் பாரம். குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்த யானைக்குட்டி.

வினை கார்பெட்டில் இருந்தது. கார்பெட்டை இழுத்துப் பிடிப்பதற்காகச் சுவரோரம் அடியில் ஆணி அடித்த ஒரு மெல்லிய பலகை ஓடுகிறது. மேசையின் பின்கால்கள் அதில் ஏறி நின்றன. முன்கால்கள் மெத்தென்று புதைந்தன. தொட்டி, கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் பெண் வீட்டுக்காரரைப் போல முன்னுக்குக் குனிந்தது. தண்ணீர் விளிம்பால் எட்டிப் பார்த்துக் கார்பெட்டில் குதித்தது.

"இனி ஒரு சொட்டு விழுந்தால் தொட்டியும் மீனும் கிரவீனுக்குத்தான்," என்றாள் சத்தியபாமா. "சிறிதரன் வீட்டுக் குளத்தில கொண்டுபோய் விடுங்கோ. அண்ணை வந்து பார்த்து, நேர் எண்டு சொன்னால் மட்டும் இஞ்ச இருக்கட்டும்."

பக்கத்து ஊர் கிரவீனில் இருக்கும் என் நண்பன் சிறிதரனின் வீட்டுக் குளம் கொக்குகளின் சாப்பாட்டுக்கடை. சுற்றுவட்டாரக் கொக்குகள் தங்கள் பிறந்தநாள் விழாக்களை அங்கேதான் வைக்கின்றன. மினிஸ்டர் அங்கே ஒரு பின்னேரம்கூடத் தாங்கமாட்டார்.

விக்னராஜா லேசர் மட்டக்கருவியோடு வந்தார். சுவரெல்லாம் பச்சைக்கோடு. வெறும் மேசைக்குக் கீழே மரத்துண்டு செருகினார், நேர். தொட்டியை வைத்து நிரப்பினோம், கார்பெட் அமுங்கியது, சரிவு. இறைத்துவிட்டுத் திரும்பச் செருகினார், நேர். நிரப்பினோம், சரிவு. நாங்கள் பின்வளவில் ஊற்றிய தண்ணீரைக் கண்டு ஒரு வாத்துக் குடும்பம் குடியேறிவிட்டது.

"கராஜில வையும்," என்றார் மச்சான். "கார்பெட்டில நேர் எண்டு ஒரு சாமான் கிடையாது."

"கராஜ் குளிருக்கு மினிஸ்டர் விறைச்சுப்போவார்."

"அப்ப ஒரு மப்ளர் கட்டிவிடும்."

அந்த மப்ளர்தான் எனக்கு ரோசத்தையும் ஞானத்தையும் சேர்த்துத் தந்தது. புதுவீடு குடிபூரலுக்குப் பால் காய்ச்சும்போது எந்தப் பக்கம் வழிகிறது என்று எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறோமே, அதைவிட நுட்பமான மட்டக்கருவி எங்கே இருக்கிறது? பள்ளமான பக்கத்தால்தான் பால் வழியும். நாலு பக்கமும் வழிந்தால் மேசை நேர்.

ஆணிப்பலகையில் முட்டாமல் மேசையை முன்னுக்கு இழுத்து, அடியில் தடித்த ஒட்டுப்பலகை ஒன்றைப் போட்டேன். தொட்டியின் பாரத்துக்கு ஈடாகச் சிவப்பரிசி மூட்டைகளை மேசையில் அடுக்கி, கார்பெட் அமுங்கி முடியும்வரை பொறுத்தேன். மேசைக் கால்களின் கீழ் மரச்சீவல் வைத்துச் சரிபார்த்தேன். பிறகு மூட்டைகளின் நடுவே ஒரு தாம்பாளம், அதன்மேல் கரண்ட் அடுப்பு, அதன்மேல் பால்.

பால் என்று வாய்விட்டுச் சொன்னதுதான் பிழை. சத்தியபாமா சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். குத்துவிளக்கு வந்தது. அரிசி மூட்டைகளுக்குச் சந்தனப் பொட்டு விழுந்தது. பக்கத்து வீட்டு நிரூபா, ஏதோ விசேஷம் என்று நினைத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கதிரையில் இருந்துவிட்டாள்.

பால் பொங்கியது. வடகிழக்கு மூலையால் மட்டும் கொட்டியது.

"கண்டீரே," என்றார் விக்னராஜா, ஆனந்தமாக. "கிரவீனுக்கு நானே என்ர வான் வண்டியில ஏத்தித் தாறன்."

நான் நிலத்தில் படுத்து மேசையின் அடியில் தலையை விட்டேன். மேற்குப் பக்கக் கால்களின் கீழே, மடித்த கற்பூரப் பெட்டி மட்டை.

"இது ஆரின்ர வேலை?"

"பால் கிழக்கால வழியாமல் வேற எங்கால வழியிறது?" என்றாள் சத்தியபாமா, துளி வெட்கம் இல்லாமல். "எல்லா வீட்டிலயும் வைக்கிறதுதானே."

தெற்குப் பக்கத்திலும் ஏதோ இருந்தது. அது மட்டை அல்ல. எஞ்சினியர்மார் சட்டைப் பையில் கொண்டு திரிகிற வழுவழுப்பான பிளாஸ்டிக் ஆப்பு. தூக்கிக் காட்டினேன். விக்னராஜா யன்னலுக்கு வெளியே வாத்துகளைப் பார்த்தார்.

"வடக்கு குபேரன்ர திசை," என்றார் மெல்ல. "தங்கச்சியின்ர வீடெல்லோ. நல்லாயிருக்கட்டும் எண்டுதான்."

"நேராக்க வந்த நீரே சரிச்சனீரோ மச்சான்?"

"சும்மா ஒரு மில்லிமீற்றர்."

இரண்டையும் உருவி எறிந்தேன். புதுப் பால் ஊற்றினேன். அண்ணனையும் தங்கையையும் சுவரோடு நிற்கவைத்து, கையைக் கட்டச் சொல்லி, நிரூபாவைக் காவல் போட்டேன்.

பால் எழுந்தது. விளிம்பில் வந்து, யாருக்கும் மனம் நோகக்கூடாது என்பதுபோல ஒரு கணம் நின்றது. கூரையிலிருந்த புகை மணி அலறுவதற்கு வாயைத் திறந்து, வியப்பில் அப்படியே மூடிக்கொண்டது. அடுத்த கணம் பானையின் நாலு பக்கமும் ஒரு வெள்ளைச் சால்வை இறங்கியது. கிழக்கும் முந்தவில்லை, வடக்கும் முந்தவில்லை.

"அங்கிள், இப்ப எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுறது?" என்று கேட்டாள் நிரூபா.

சத்தியபாமா கைகூப்பியபடி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மூட்டைகளை இறக்கி, தொட்டியை ஏற்றி, நிரப்பினோம். பச்சைக்கோடு தண்ணீர் மட்டத்தில் அப்படியே படுத்தது. விக்னராஜா பற்றரியை மாற்றினார். திரும்பவும் படுத்தது. முழங்காலில் இருந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் மினிஸ்டரை வாளியில் கொண்டுவந்து விட்டேன். அவர் சொத்தைப் பார்வையிட்டுவிட்டு, மச்சானின் மூக்குக்கு நேரே வந்து நின்று வாயைத் திறந்தார். கார்பெட்டில் ஒரு சொட்டும் இல்லை.

"அண்ணை, நீங்கள்தான் சொல்லவேணும்," என்றாள் சத்தியபாமா. "இருக்கட்டோ, கிரவீனுக்கோ?"

"பால் கொஞ்சம் தண்ணிப் பால்," என்று தொடங்கினார் விக்னராஜா. "பானையின்ர விளிம்பும் ஒருமாதிரி..."

"அண்ணை."

அவர் எழுந்து, முழங்காலைத் தட்டி, லேசரை அணைத்தார்.

"இருக்கட்டும்," என்றார். "நாலு பக்கமும்தான் வழிஞ்சது. ஒரே நேரத்தில. என்ர கண்ணால கண்டனான்."