பச்சைமலைச் சாமை

பச்சைமலை ஊரார் தங்கள் விதையைக் கைவிடுவதற்கு இன்னும் மூன்று மணி நேரமே இருந்தது. காவிரி ஒருபுறமும் கொள்ளிடம் மறுபுறமும் தழுவிக் கிடக்க, வீதிக்குள் வீதியாக விரிந்த திருவரங்கம் தை மாத இளவெயிலில் விழித்துக்கொண்டிருந்தது; ஆற்றுக்கு அப்பால் மலைக்கோட்டை மூடுபனியைத் தோளிலிருந்து நழுவவிட்டு நின்றது; பூக்கூடைகளும் பால்குடங்களும் பேருந்துகளும் நெருக்கும் தெருவொன்றில், விதை நிறுவனத்தார் அமர்த்தியிருந்த மணமண்டபத்தின் முன், துறையூர் வழியாக வந்த ஊர்தியிலிருந்து மலையூரார் கூச்சத்தோடு இறங்கினர்.

அவர்களுள் ஒருத்தி ஜோதி. அவ்வூரில் முதன்முதல் கல்லூரி கண்டவள். தாவரவியலில் பட்டம் பெற்றும் நால்வர் கூடிய இடத்தில் நாவெழாதவள். நண்பகலில் ஊரார் கையுயர்த்தி இசைவு தர வேண்டும். தந்தால், வீட்டுக்கு வீடு கொண்டுவந்து ஒரே குவியலாய்க் கலந்து வைக்கும் சாமை விதையை விட்டொழித்து, ஆண்டுதோறும் நிறுவனத்தின் விதையையே வாங்கி விதைக்க வேண்டும். அதற்கு ஈடாக மலைமேல் உயர்நிலைப் பள்ளி எழும். சிறு வயதிலேயே மலையிறங்கி, விடுதியில் அழுதழுது படித்த ஜோதிக்கு அப்பள்ளியின் அருமை எவரையும்விட நன்றாகத் தெரியும்.

மேடையேறிய பாக்கியநாதன் நிறுவனத்தின் வேளாண் அலுவலர், நல்லவர், ஆயினும் விதைத்த நாளிலும் அறுத்த நாளிலுமன்றி மலையேறாதவர். மழை பொய்த்த ஆண்டிலும் கதிர் சாய்ந்து செழித்து நின்ற, மலையூர் நடுவே தாம் சாமை விதைத்த ஆய்வு வயலை வெண்திரையில் காட்டினார்.

"மழையே இல்லாம எப்படி நிக்குது பாருங்க! இதாங்க எங்க விதை!"

ஜோதியின் அத்தை ரெங்கம்மாள் முந்தானையால் வாய்பொத்திச் சிரித்தாள். "உன் மூஞ்சி ஏன்டி சுருங்குது? பேசாம இரு."

"எப்படி அத்தை பேசாம இருக்கிறது?"

"செஞ்சதைச் சொல்லிக் காட்டுற பழக்கம் நம்ம ஊர்ல உண்டா? பாவம், மனுசன் வெக்கப்பட்டுப் போவாரு. பள்ளிக்கூடமும் போயிரும்."

பிறர் நிலத்துக்குச் செய்த உதவியை வாய்திறந்து சொல்லாமை அவ்வூரின் நெறி. சொன்னவர் வீட்டு விதையைப் பொதுக்குவியலில் சேர்க்கமாட்டார்கள். அதைவிடப் பெரிய தண்டனை அம்மலையில் இல்லை.

"சரி, எல்லாரும் கையைத் தூக்குங்க" என்றார் ஊர்த்தலைவர் வீரமலை. காற்றுக்கு ஒன்றையொன்று பார்த்து அசையும் தட்டைகளைப்போல, அருகிலிருந்தவரை நோக்கியபடியே ஒவ்வொருவரும் கையுயர்த்தினர். ஜோதி கையுயர்த்தவில்லை, எழுந்து நின்றாள்.

"உக்காருடி! ஊரே தூக்குது, உனக்கு மட்டும் கை சுளுக்கிக்கிச்சா?" என்று அத்தை அவள் முந்தானையைப் பிடித்திழுத்தாள்.

"பள்ளிக்கூடம் எங்களுக்கு வேணும். அது எங்க உரிமை, கேட்டு வாங்கிக்கிறோம். விதையைக் கொடுத்து வாங்க மாட்டோம்." ஜோதி மேடையை நோக்கியே சொன்னாள்.

பாக்கியநாதன் முகம் சுளிக்காமலே கேட்டார்: "படிச்ச பொண்ணு நீயே இப்படிச் சொன்னா எப்படிம்மா? வயலைப் பாத்தீல்ல?"

மண்டபம் முழுதும் அவள் பக்கம் திரும்பிற்று. இனித் தன் வீட்டு விதை தனித்தே கிடக்கும் என்பதை அறிந்தே ஜோதி வாய் திறந்தாள்.

"பாத்தேன் சார். நீங்க போட்டதுல ஒண்ணுகூட முளைக்கலை. ஊர் நடுவுல ஒரு கொல்லை மொட்டையாக் கிடக்குறதைப் பாக்கச் சகிக்காம, உங்களுக்குத் தெரியாம நாங்கதான் தூவுனோம். அங்க விளைஞ்சது எங்க சாமை."