நம்பர் மட்டும் பார்த்தவர்கள்

தேஹு ரோடு ஸ்டேஷன் அருகே வைஜயந்தியின் ஸ்கூட்டரை ஒரு ஷேர் ஆட்டோ உரசியது. கண் தெரியவில்லையா என்று டிரைவர் மராத்தியில் கத்தினான். அவளும் விடாமல் கத்தினாள். ஆனால் இடது பக்கம் வந்த ஆட்டோவை அவள் நிஜமாகவே பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை.

மறுநாள் கணவர் கிட்டுவுடன் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்ததும் உள்நரம்பைப் பார்த்தார் டாக்டர் ராஜஸ்ரீ.

"கிளாகோமா. கண்ணின் அழுத்தம் ஏறி நரம்பை அரிக்கும் நோய். இடது கண்ணில் ஓரப் பார்வை பாதி போய்விட்டது. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம்."

"வருஷா வருஷம் கண்ணாடிக் கடையில் செக் பண்ணிக்கிறேனே, டாக்டர்."

"அங்கே பார்த்தது கண்ணாடி நம்பர் மட்டும். கடைசி வரி வரை படிப்பவர்களுக்கும் இந்த நோய் இருக்கலாம். இது குடும்பத்தில் வரும் நோய், கூடப் பிறந்தவர்கள் இருந்தால் உடனே வரச் சொல்லுங்கள்."

விரிந்த கண்ணில் வெயில் குத்த, வீட்டுக்குப் போகாமல் நேரே ஔந்தில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கடைக்கு ஆட்டோவை விடச் சொன்னாள். வாசல் பலகையில் 'முழுமையான கண் பரிசோதனை இலவசம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"ஒன்பது வருஷமா எதைப் பார்த்தீங்க?" என்று இந்தியில் கேட்டாள்.

"எல்லா வரியும் சரியாப் படிச்சீங்களே மேடம்," என்றார் கடைக்காரர். கிளாகோமா வந்திருப்பதை அவள் சொன்னாள். அவர் புது ஃப்ரேமுக்குத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்.

அவள் வாசலைக் காட்டினாள். "அந்தப் பலகையைக் கழட்டுங்க."

"வா, ஆத்துக்குப் போலாம். எல்லாரும் பாக்கறா," என்றார் கிட்டு.

"பாக்கட்டும். அவாளுக்காவது கண் இருக்கே."

பலகை இறங்கும்வரை அவள் நகரவில்லை.

அங்கிருந்தே, வாகட் பகுதியில் இருக்கும் தம்பி ஸ்ரீவத்சனுக்கு ஃபோன் செய்து, கண்ணைக் காட்டச் சொன்னாள்.

"ஆஃபீஸ் கேம்ப்ல பாத்தாச்சுக்கா. எல்லாம் நார்மல்."

"கண் பிரஷர் பாத்தாளா? சொட்டு மருந்து விட்டாளா?"

"இல்ல, படிக்கத்தான் சொன்னா. அடுத்த மாசம் பாக்கறேன், இப்ப வேலை ஜாஸ்தி."

"சனிக்கிழமை வரலேன்னா உன் ஆஃபீஸ் வாசல்ல வந்து நிப்பேன்."

வந்தான். அவனுக்கும் கண் அழுத்தம் அதிகம்தான். ஆனால் நரம்பு கெடவில்லை, பார்வை முழுதாக இருந்தது. தினமும் சொட்டு மருந்து விட்டால் போதும் என்றார் டாக்டர். அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உருவிக்கொண்டாள். அவன் தப்பித்ததில் மனம் குளிர்ந்தது நிஜம். தனக்கு யாரும் காலத்தில் இதைப் பார்க்கவில்லையே என்ற ஆத்திரமும் அதே அளவு பொங்கியது.

திங்களன்று, தான் கிளார்க்காக இருக்கும் ராணுவக் கிடங்கில் நலப்பிரிவு அதிகாரியிடம் ஒரு மனுவை நீட்டினாள். இந்த வருடக் கண் முகாமில் அழுத்தமும் நரம்பும் பார்க்கும் டாக்டர் வரவேண்டும் என்று எழுதியிருந்தாள்.

"வெச்சுட்டுப் போங்க, பார்க்கலாம்," என்றார் அவர்.

வைஜயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "இப்பவே பாருங்க சார்."